அப்பாவின் பை ஓரத்தில் வீக்கம்: வலை வைத்துத் தைப்பதா, பெல்ட்டோடு காலத்தை ஓட்டுவதா?

அம்மாபேட்டைத்தறி | ஜூன் 4, இரவு 9.40

வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 64 வயது. நாற்பது வருடமாகக் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். மூன்று வருடத்துக்கு முன் மலக்குடலில் புற்றுநோய் வந்தது. கட்டி ஆசனவாயை ஒட்டியே இருந்ததால் முதலில் 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே கீமோ மாத்திரை. அதன்பின் மலக்குடலோடு ஆசனவாயையும் எடுத்துக் கீழே மூடித் தைத்துவிட்டு, குடல் முனையை இடது அடிவயிற்றில் வெளியே எடுத்து, மலம் சேர நிரந்தரமாகப் பை வைத்தார்கள்.

புற்றுநோய் இதுவரை திரும்பவில்லை, அந்தக் கோட்டை மாரியம்மன் புண்ணியம். ஆனால் பைக்கு அடியில், குடல் வெளியே வரும் இடத்தைச் சுற்றி வயிறு புடைத்துக்கொண்டே வருகிறது. முதல் வருடம் நெல்லிக்காய் அளவு. இப்போது தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது, எழுந்து இருமினால் மறுபடி வந்து நிற்கிறது.

தறியில் உட்கார்ந்தால், நெய்த துணி சுற்றும் உருளை நேராக வயிற்றில் வந்து இடிக்கும். போன தை மாதம் நெய்துகொண்டிருந்தபோது பையின் ஒட்டு விட்டுப்போய் வேட்டியில் கசிந்துவிட்டது. வெண்பட்டு. அன்று எழுந்தவர் இன்றுவரை தறிக்குழியில் இறங்கவில்லை.

ஒரு மருத்துவர் "தொந்தரவு இல்லையென்றால் தொடாதீர்கள்" என்கிறார். இன்னொருவர் "துளையை மறைக்க உள்ளே வலைத்துணி வைத்துச் சரிசெய்யலாம்" என்கிறார். அத்தையோ, ஒருமுறை கத்தி பட்ட இடத்தில் மறுபடி கத்தி வைத்தால் புற்றுநோய் கிளம்பிவிடும் என்று அழுகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொலுசுப்பட்டறை | ஜூன் 4, இரவு 10.15

தம்பி, பயப்படாதீர்கள். எங்கள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்தில் தொப்புள் பிதுங்கினால் வெள்ளிக் காசை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். என் அண்ணன் மகனுக்கு ஆறு மாதத்தில் அடங்கிவிட்டது. அறுவை என்றாலே காசு பிடுங்கும் வேலை. ஏன் அந்தப் பையையே எடுத்துவிட்டு உள்ளே இணைக்கச் சொல்லக் கூடாது?

வார்டுஅக்கா | ஜூன் 4, இரவு 11.02

கொலுசுப்பட்டறை அண்ணா, உங்கள் அண்ணன் மகன் குழந்தை. குழந்தைகளின் தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், காசு வைத்தாலும் வைக்காவிட்டாலும். இங்கே பேசுவது வயிற்றுச் சுவரில் வேண்டுமென்றே துளை போட்டுக் குடலை வெளியே கொண்டுவந்த இடத்தைப் பற்றி. அதன்மேல் காசை வைத்து இறுக்கினால் நசுங்குவது குடல். முப்பது வருடம் அறுவை வார்டில் இருந்திருக்கிறேன், இப்படிக் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து வேண்டாம்.

பையை எடுத்து உள்ளே இணைக்கலாமா என்று கேட்டீர்கள். சிலருக்கு மலக்குடலில் வைத்த தையல் ஆறும்வரை தற்காலிகமாகப் பை வைப்பார்கள், அதை மூடிவிடலாம். இவருடைய அப்பாவுக்கு ஆசனவாயையே எடுத்தாகிவிட்டது. இணைப்பதற்கு மறுமுனை இல்லை. 1908-இல் லண்டனில் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் எழுதிவைத்த முறையின் வழிவந்தது இது. கட்டி மிகக் கீழே இருந்தால் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள்.

தறித் தம்பி, அப்பா வீக்கத்தைத் தாங்கும் வயிற்றுப் பெல்ட் போட்டிருக்கிறாரா? எப்போது மாட்டுகிறார்?

அம்மாபேட்டைத்தறி | ஜூன் 5, காலை 6.20

போட்டிருக்கிறார் அக்கா. குளித்து, சாப்பிட்டு, வெளியே கிளம்பும்போது மாட்டுவார்.

வார்டுஅக்கா | ஜூன் 5, காலை 7.05

நினைத்தேன். பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் செய்வார்கள். காலையில் பாயை விட்டு எழுவதற்கு முன்பே, மல்லாந்து படுத்து, வீக்கம் உள்ளே போன பிறகு பெல்ட்டை மாட்ட வேண்டும். நின்றுகொண்டு மாட்டினால் வெளியே வந்துவிட்ட குடலைத்தான் சேர்த்துக் கட்டுகிறோம். உட்கார்ந்திருக்கும்போது, நிற்கும்போது, படுத்திருக்கும்போது என்று மூன்று விதமாகவும் அளவெடுத்து வாங்குங்கள். வயிறு புடைத்த பிறகு பையைத் தோலோடு ஒட்டும் பழைய தகடு சரிப்படாது. வளைந்து கொடுக்கும் மெல்லிய ரகம் கேளுங்கள். துளையையும் புதிதாக அளந்து வெட்டுங்கள், குடல் வெளியே வரும் வாயின், அதாவது குடல்வாயின், வடிவம் மாறியிருக்கும். பாதிக் கசிவு இதிலேயே நிற்கும்.

பெல்ட் வீக்கத்தைக் குணப்படுத்தாது, இதையும் சொல்லிவிடுகிறேன். தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஏற்காட்டுப்பனி | ஜூன் 5, மாலை 5.48

இந்த இழையைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. என் அம்மாவுக்கும் இதே அறுவைதான் நடந்தது. ஆனால் வீக்கம் வயிற்றில் இல்லை, கீழே, ஆசனவாயை மூடித் தைத்த இடத்தில். உட்கார்ந்தால் உள்ளே ஒரு பந்து இருப்பது போல் உறுத்துகிறது என்கிறார். காப்பித் தோட்டத்தில் நிழல் மரத்தடியில் உட்கார்ந்து மிளகு பிரிக்கும் வேலைகூட இப்போது செய்ய முடியவில்லை. வேதனை என்னவென்றால், மருத்துவரைப் பார்க்கச் சேலத்துக்கு இறங்குவதே ஒரு தண்டனை. இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயும்போது அம்மா முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நிற்பார்.

இதற்கும் குடலிறக்கம் என்றுதான் பெயரா? அக்கம்பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

கத்திக்காரன் | ஜூன் 5, இரவு 11.30

நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சியில் இருக்கும் மருத்துவன். பெயர் பயமுறுத்தினால் மன்னிக்கவும், விடுதி நண்பர்கள் வைத்தது. யாருடைய ஸ்கேனையும் நான் பார்க்கவில்லை, அதனால் யாருக்கும் "இதைச் செய்யுங்கள்" என்று சொல்ல மாட்டேன். விவரம் மட்டும் சொல்கிறேன்.

இந்த அறுவைக்குப் பிறகு குடல் பிதுங்க மூன்று வாசல்கள் உண்டு. பையைச் சுற்றிய துளை ஒன்று. நடு வயிற்றில் கீறித் தைத்த கோடு இன்னொன்று. மூன்றாவது, ஏற்காட்டு அக்கா சொல்லும் அடிப்பக்கம். நம் இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குத் தசையால் ஆன அடித்தளம் ஒன்று இருக்கிறது. கட்டியை முழுசாக எடுக்க அந்தத் தசையிலும் ஒரு பகுதியை வெட்டி எடுக்கிறோம். அடித்தளம் போன பாத்திரத்தில் சிறுகுடல் மெல்ல இறங்கும். தசையை அகலமாக எடுத்தவர்களுக்கும் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. அம்மாவுக்கு வந்திருப்பது கற்பனை அல்ல, அதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பை ஓரத்து வீக்கம் அபூர்வமே இல்லை. ஐரோப்பிய ஹெர்னியா (குடலிறக்கம்) சங்கத்தின் 2018 வழிகாட்டி, நிரந்தரப் பெருங்குடல் பை உள்ளவர்களில் முதல் வருடத்திலேயே 30 சதவீதத்துக்கு மேல், இரண்டாம் வருடத்தில் 40, நாள்பட 50 சதவீதமும் அதற்கு மேலும் என்கிறது. அப்பா எதையும் தவறாகச் செய்து வரவழைத்துக்கொண்டதில்லை. துளை என்று ஒன்று இருந்தால், உள்ளே இருக்கும் அழுத்தம் அதைத் தினமும் தள்ளிக்கொண்டே இருக்கும். இருமல், முக்கல், தொப்பை, பீடி எல்லாம் அந்த அழுத்தத்துக்கு வலு சேர்க்கும்.

அத்தைக்கு: கத்தி பட்டுப் புற்றுநோய் கிளம்பாது. அந்தப் பயம் ஊரெங்கும் இருக்கிறது, எங்கள் பாட்டிக்கும் இருந்தது. ஆனால் அத்தையின் பயத்துக்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. பிதுக்கத்தைச் சரிசெய்வதற்கு முன் புற்றுநோய் எங்கும் திரும்பவில்லை என்று உறுதி செய்தாக வேண்டும். புற்றுநோய்க் குறியைப் பார்க்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன், குடல்வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் குடல் உள்நோக்கி. அடிப்பக்கத்தில் புதிதாக வீக்கம் வந்தால் இது இரட்டிப்பு அவசியம், அங்கே கட்டி திரும்பினாலும் உறுத்தல்தான் முதலில் தெரியும்.

சங்ககிரிலாரி | ஜூன் 6, அதிகாலை 4.10

லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். எனக்கும் பை உண்டு, ஐந்து வருடம் ஆகிறது. வீக்கம் வந்ததும் ஊரில் ஓர் இடத்தில் "சின்ன வேலை, துளையைச் சுருக்கித் தைத்துவிடுகிறோம்" என்றார்கள். நம்பிப் படுத்தேன். எட்டு மாதம். நாமக்கல்லில் ஒரு டயரைத் தூக்கினேன், பொசுக்கென்று பழையபடி வந்துவிட்டது, முன்பைவிடப் பெரிதாக. திரும்பப் போய்க் கேட்டால் "நாங்கள் சொன்னோமே, மறுபடி வரலாம் என்று" என்கிறார்கள். சொன்னார்களாம். கையெழுத்து வாங்கிய தாளில் நுணுக்கி எழுதியிருந்தது.

அதனால் தறித் தம்பிக்கு ஒரே பேச்சு: வேண்டாம். பெல்ட்டோடு இருக்கட்டும்.

கத்திக்காரன் | ஜூன் 6, இரவு 10.50

லாரி அண்ணா, உங்கள் கோபம் நியாயம். நூலால் மட்டும் சுருக்கித் தைப்பது மறுபடி வரும் என்று தெரிந்த முறை. நான் சொன்ன அதே வழிகாட்டி, பை ஓரப் பிதுக்கத்துக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் உங்களுக்கு நடந்ததை வைத்து எல்லா அறுவையையும் ஒதுக்கினால், பஞ்சர் ஒட்டியது விட்டுப்போனதால் டயரையே மாற்ற மாட்டேன் என்பது போலாகும்.

முறைகள் பல. பையை வயிற்றின் மறுபக்கத்துக்கு மாற்றுவது ஒன்று. பழைய துளையை மூட வேண்டும், புதுத் துளை போட வேண்டும், நடுக்கோட்டையும் பல நேரம் திறக்க வேண்டும். பிதுங்க மூன்று இடத்தை நாமே தயார்செய்து கொடுப்பதாக முடியலாம்.

வலை வைப்பதில் இரண்டு பெரிய வகை. ஒன்றில் வலையின் நடுவே துளை வெட்டி, குடலை அதன் வழியே விடுவார்கள், சாவித்துவாரம் போல. காலப்போக்கில் அந்தத் துளையே அகன்று பிதுக்கம் திரும்புவதைப் பார்த்திருக்கிறோம். மற்றொன்றை அமெரிக்க அறுவை மருத்துவர் சுகர்பேக்கர் 1985-இல் எழுதினார். வலையில் துளையே கிடையாது. குடலைப் பக்கவாட்டுக்கு இழுத்து, வயிற்றுச் சுவருக்கும் வலைக்கும் நடுவே சற்றுத் தூரம் ஓடவிட்டு, பிறகே வெளியே வர விடுவார்கள். இருமும்போது உள்ளிருந்து வரும் அழுத்தம் வலையைச் சுவரோடு சேர்த்து அழுத்தும், துளையை நேராகத் தாக்காது. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும்போது, இந்த வகையில் திரும்பி வருவது குறைவு என்பதால் வழிகாட்டியும் இதைத்தான் விரும்புகிறது.

ஆனால் வலையும் வரம் அல்ல. கிருமி பிடித்தால் வலையை எடுக்க வேண்டி வரலாம். குடலோடு ஒட்டிக்கொள்ளலாம், அதனால்தான் குடலைத் தொடும் பக்கம் ஒட்டாத வகையைத் தேர்ந்தெடுப்போம். முதல் அறுவைக்குப் பின் உள்ளே குடல் ஒட்டிக்கொண்ட இடங்களை, ஒட்டல்களை, பிரிக்கும்போது குடலில் கிழிசல் விழலாம். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் "தொந்தரவு இல்லையென்றால் தொடாதீர்கள்" என்ற முதல் மருத்துவர் பேசியிருக்கிறார். அவர் சோம்பேறி அல்ல.

அம்மாபேட்டைத்தறி | ஜூன் 8, இரவு 8.30

இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வலை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன நூல்? எத்தனை அகலம்? நனைத்தால் சுருங்குமா?" மூன்றே கேள்வி. நான் விழித்தேன்.

கத்திக்காரன் | ஜூன் 8, இரவு 11.15

மூன்றும் தேர்வில் கேட்கும் கேள்விகள்! நூல் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், அல்லது அதுபோன்ற கரையாத ஒற்றை இழை. அகலம், துளையின் எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் தாண்டி மூட வேண்டும். சுருங்குமா என்றால், ஆம், உடம்பு அதைச் சுற்றித் தழும்பு போடும்போது இறுகும். அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்துத்தான் தாராளமாக விடுகிறோம். அப்பாவுக்கு என் வணக்கம்.

அம்மாபேட்டைத்தறி | ஜூன் 9, காலை 6.45

"அப்படியென்றால் ஓரம் விட்டுத்தான் வெட்டுகிறார்கள், சரி" என்றார். அவர் ஒரு மருத்துவரைப் பாராட்டி நான் கேட்டது இதுவே முதல் தடவை.

பெல்ட்டை இப்போது படுத்தபடியே மாட்டுகிறோம். மெல்லிய தகடும் வாங்கினோம். கசிவு நான்கு நாளாக இல்லை. அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது.

வார்டுஅக்கா | ஜூன் 9, காலை 9.00

நல்லது. அவசரம் இல்லை என்றாலும் ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், எழுதிச் சுவரில்கூட ஒட்டுங்கள். படுத்தாலும் வீக்கம் உள்ளே போகாமல் கல் போல் நின்றால், வலி விடாமல் இருந்தால், பையில் காற்றும் மலமும் வராமல் வாந்தி வந்தால், குடல்வாய் சிவப்பு மாறி நீலமோ கறுப்போ ஆனால், அன்று பெல்ட், கஷாயம், "விடிந்ததும் பார்க்கலாம்" எதுவும் கிடையாது. நேராக அவசரப் பிரிவு. சோறு தண்ணீர் கொடுக்காதீர்கள். வீக்கத்தை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். 108-க்கு அழையுங்கள்.

கொலுசுப்பட்டறை | ஜூன் 9, காலை 9.40

அக்கா, வெள்ளிக் காசு வைத்துக் கட்டுவது பற்றி நான் பேசியது தவறுதான். ஆனால் செலவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

சங்ககிரிலாரி | ஜூன் 9, மாலை 3.25

நல்ல கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும், ரேஷன் அட்டையும் வேண்டும். காப்பீட்டு அட்டையைக் கலெக்டர் அலுவலகத்தில் எடுத்தேன். ஆனால் படுப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்: இந்த அறுவைக்கு ஒப்புதல் வந்துவிட்டதா, வலையின் விலை அதற்குள் அடங்குமா, இல்லை கையிலிருந்து தர வேண்டுமா? ஒட்டாத வலை விலை கூடியது. நான் கேட்காமல் படுத்தவன்.

ஏற்காட்டுப்பனி | ஜூன் 17, இரவு 9.10

அம்மாவைக் காட்டிவிட்டோம். உட்கார வைத்தும் முக்கச் சொல்லியும் பார்த்தார்கள். ஸ்கேனில் சிறுகுடல் இறங்கியிருப்பது தெரிகிறது, புற்றுநோய் இல்லை என்று சொன்னபோது கை நடுக்கம் நின்றது. வலையைக் கீழ் வழியாகவும் வைக்கலாம், வயிற்று வழியாகவும் வைக்கலாம், தேவைப்பட்டால் பிட்டத்துத் தசையைத் திருப்பி மூடலாம் என்றார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று எனக்குக் கேட்கவே தெரியவில்லை.

கத்திக்காரன் | ஜூன் 18, இரவு 12.20

நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டால் போதும். கீழ் வழியாகச் செய்தால் வயிற்றுக்குள் போகாமல் முடியும், ஆனால் மேலே ஒட்டியிருக்கும் குடலைப் பிரிக்கப் பார்வை குறைவு. வயிற்று வழியாகப் போனால் குடலைக் கண்ணால் பார்த்து மேலே தூக்கிவிட்டு வலையைப் பின்னே வாலெலும்புப் பக்கத்திலும் இரு ஓரத்திலும் பொருத்தலாம், முன்பக்கம்தான் கடினம். கதிர்வீச்சு பட்ட தோல் மெல்லியதாக, ஆற மறுப்பதாக இருந்தால் புதிய ரத்த ஓட்டத்தோடு வரும் தசை மடிப்பு கைகொடுக்கும். இதைச் செய்து பழகிய கை முக்கியம். பை ஓரப் பிதுக்கம் எங்கள் வார்டில் வாரம் ஒன்று வரும், அடிப்பக்கப் பிதுக்கம் வருடத்துக்குச் சில. "நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது அவமரியாதை இல்லை. முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வார்டுஅக்கா | ஜூன் 18, காலை 6.50

பனி, ஓட்டை போட்ட வளையத் தலையணையை வாங்கித் தராதீர்கள். தைத்த இடத்தை இரண்டு பக்கமும் இழுக்கும். ஓட்டையில்லாத மெத்தென்ற பஞ்சணை போதும். ஒரே நிலையில் வெகுநேரம் உட்கார வேண்டாம்.

அம்மாபேட்டைத்தறி | ஜூலை 2, அதிகாலை 3.35

அவசரப் பிரிவுக்கு வெளியே நின்று எழுதுகிறேன். நேற்றுப் பகல் முழுக்கப் பையில் ஒன்றும் வரவில்லை. அப்பா சொல்லவே இல்லை. இரவு இரண்டு முறை வாந்தி. அம்மாதான் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். வீக்கம் கல்லாக நிற்கிறது. குடல்வாய் சிவப்பாகத்தான் இருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டிருக்கிறார்கள்.

வார்டுஅக்கா | ஜூலை 2, அதிகாலை 4.50

சிவப்பாக இருப்பது நல்ல செய்தி. நான் விழித்திருக்கிறேன். எழுதுங்கள்.

சங்ககிரிலாரி | ஜூலை 2, அதிகாலை 5.05

தம்பி, நான் தொப்பூரில் இருக்கிறேன். ரத்தம் ஏதாவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வருகிறேன்.

அம்மாபேட்டைத்தறி | ஜூலை 3, மாலை 6.15

அறுவை இல்லாமலே தெளிந்துவிட்டது. குழாய் வழியாக வயிறு வடிந்ததும், நேற்று மதியம் பையில் காற்று வந்தது. வார்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். காற்று வந்ததற்கு ஒரு குடும்பமே கைதட்டியதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

ஸ்கேனில் சிறுகுடலின் ஒரு மடிப்பு அந்தத் துளைக்குள் போய் மடங்கியிருந்தது தெரிந்தது. "தொடாதீர்கள்" என்ற முதல் மருத்துவரே இப்போது, "தொந்தரவு வந்துவிட்டது, திட்டமிட்டுச் செய்வோம், நள்ளிரவில் செய்யும்படி விடக் கூடாது" என்கிறார். அப்பாவும் சம்மதித்துவிட்டார். ஆனால் ஆடித் திருவிழா முடியட்டும் என்கிறார்.

கத்திக்காரன் | ஜூலை 3, இரவு 10.40

அந்த முதல் மருத்துவர் சொல்வதில் மாற்றம் இல்லை, நிலைமைதான் மாறியிருக்கிறது. ஆடி முடியும்வரை இடைவெளி கிடைப்பது நல்லதற்கே. பீடி பிடிக்கிறாரா? குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், வலையில் கிருமி பிடிப்பதற்கும் பிதுக்கம் திரும்புவதற்கும் அது பெரிய காரணம். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வரட்டும். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கச் சொல்லுங்கள். மறுபடி அடைத்தால் ஆடியாவது ஆவணியாவது, உடனே கிளம்புங்கள்.

அம்மாபேட்டைத்தறி | ஜூலை 3, இரவு 11.05

பீடி உண்டு. புற்றுநோய்க்கே விடாத பீடி. பார்க்கலாம்.

அம்மாபேட்டைத்தறி | செப்டம்பர் 6, இரவு 7.30

அறுவை முடிந்து ஒன்பதாம் நாள். துளையில்லாத வலை, லேப்ராஸ்கோப்பியில். ஒட்டல் அதிகம் என்பதால் நான்கு மணி நேரம் ஆனது. நடுக்கோட்டிலும் சின்னப் பிதுக்கம் ஒன்று இருந்திருக்கிறது, நமக்குத் தெரியவே இல்லை. அதையும் சேர்த்தே மூடிவிட்டார்கள். பை அதே இடத்தில்தான். வலை உட்பட எல்லாம் காப்பீட்டில் அடங்கியது, லாரி அண்ணா சொன்னபடி முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிவிட்டேன்.

அறுவைக்கு முதல் நாள் மருத்துவர் ஒரு மாதிரி வலையை அப்பாவின் கையில் கொடுத்தார். விரலால் நீவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், குறுக்கே இழுத்தார். "இது நெய்தது இல்லைங்க ஐயா, பின்னினது" என்றார். மருத்துவர் உறையைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஆமாம், பின்னியதுதான்" என்றார். அதற்குப் பிறகு அப்பா அறுவையைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

கத்திக்காரன் | செப்டம்பர் 6, இரவு 11.55

ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ்., மூன்று வருடம் மேற்படிப்பு. வலை பின்னியதா நெய்ததா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்பாவுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொன்று. நடு வயிற்றைத் தைப்பதைப் பற்றி நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடத்தி 2015-இல் வெளியிட்டார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தையல் போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கு ஒரே வருடத்தில் பிதுக்கம் வந்தது. 5 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்று நெருக்கிப் போட்டவர்களில் 13 சதவீதம்.

அம்மாபேட்டைத்தறி | செப்டம்பர் 7, காலை 7.10

சொன்னேன். "இதற்கு ஆய்வு வேறு வேண்டுமா?" என்கிறார்.

சங்ககிரிலாரி | அக்டோபர் 19, இரவு 1.30

நானும் வேறோர் இடத்தில் காட்டிவிட்டேன். என் துளை பெரியது, வயிற்றுக்குள் இருக்க வேண்டிய குடலில் நிறைய வெளியிலேயே குடியிருக்கிறது, உடனே உள்ளே தள்ளித் தைத்தால் மூச்சு முட்டும், முதலில் பத்துக் கிலோ இளைத்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். முன்பு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. இரவில் பரோட்டாவை நிறுத்தியிருக்கிறேன். கிளீனர் சிரிக்கிறான்.

ஏற்காட்டுப்பனி | டிசம்பர் 2, மாலை 6.00

தறி அண்ணா, அப்பா எப்படி இருக்கிறார்? இங்கே காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது, அம்மா வாசலில் நின்றபடியே எல்லோரையும் மேய்த்துக்கொண்டிருக்கிறார். உட்காருவதே இல்லை.

அம்மாபேட்டைத்தறி | டிசம்பர் 2, இரவு 9.20

மூன்று மாதம் ஆகிவிட்டது. வீக்கம் இல்லை. பை ஒருமுறைகூடக் கசியவில்லை. எடை தூக்கக் கூடாது என்பதால் தறியில் இன்னும் ஏறவில்லை, திண்ணையில் உட்கார்ந்து தார்க்குச்சியில் ஊடைநூல் சுற்றிக் கொடுக்கிறார். போன வாரம் தச்சரைக் கூப்பிட்டு, உருளை வயிற்றில் படாதபடி உட்காரும் பலகையை நான்கு விரல் பின்னுக்குத் தள்ளிப் போடச் சொன்னார். மருத்துவரிடம் இன்னும் கேட்கவில்லை, பலகை மட்டும் தயார். பீடி பாதிதான் நின்றிருக்கிறது. தட்டுவடை செட் சாப்பிடலாமா என்று தினமும் கேட்கிறார். வார்டு அக்கா, சாப்பிடலாமா?

வார்டுஅக்கா | டிசம்பர் 2, இரவு 9.45

ஒரு செட். நன்றாக மென்று. பீடி முழுதாக நின்றால் இரண்டு.

ஏற்காட்டுப்பனி | டிசம்பர் 11, இரவு 8.15

அம்மாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள், பறிப்பு முடிந்து, தை இரண்டாம் வாரம். வயிற்று வழியாகப் போய் வலை, தோல் ஆறாவிட்டால் தசை மடிப்பு. எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். முகம் சுளிக்கவில்லை. "பதினொன்று, அதில் இரண்டு திரும்பி வந்தன" என்றார். அந்த இரண்டைச் சொன்னதால்தான் அம்மா ஒத்துக்கொண்டார்.

பஸ் வேண்டாம் என்று தோட்டத்து ஜீப்பைக் கேட்டிருக்கிறோம். பின் இருக்கையில் பஞ்சணை போட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்தே இறக்கப்போகிறோம்.

சங்ககிரிலாரி | டிசம்பர் 11, இரவு 11.40

ஜீப் ஓட்டுபவரிடம் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடச் சொல்லுங்கள் அம்மணி. வளைவுக்குள் போன பிறகு பிரேக் போட்டால்தான் தூக்கிப் போடும்.